பெரியப்பாவின் தகரப்பெட்டியில் 143 கோலிகள்: எது யார் செய்தது?

நூல்கண்டு (காலை 7.50)

வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. என் பெரியப்பா சரக்குக் கப்பலில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கப்பல் நின்ற துறைமுகங்களில் பழைய பொருள் விற்பவர்களிடம் கோலிக்குண்டு கண்ணில் பட்டால் வாங்காமல் வரமாட்டார். அவர் மறைந்த பிறகு அந்தத் தகரப்பெட்டி என்னிடம் வந்தது. எண்ணிப் பார்த்தேன், 143 இருக்கின்றன. எங்கே வாங்கினார், எப்போது வாங்கினார் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஒரு வாரமாகப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒரே குண்டுக்கு நான்கு பெயர் கிடைக்கிறது. அதனால் முதலில் ஏழு குண்டுகளை மட்டும் கேட்கிறேன்.

1. வெள்ளை உடலில் சிவப்பு நாடா ஒன்று திருகிக்கொண்டு போகிறது. 16 மி.மீ.
2. பெரியது, 42 மி.மீ. தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளை நூல் வலை. அதற்கு வெளியே சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள். இரண்டு இடத்தில் சொரசொரப்பு.
3. மஞ்சளும் கறுப்பும். 16 மி.மீ.
4. உள்ளே நீல இலைகள் உள்ள பூனைக்கண்.
5. ஊதாவும் வெள்ளையும் மேகம்போல் கலந்தது.
6. வெள்ளையில் பச்சைச் சுழல்கள்.
7. முழுக் கறுப்பு. மேலே வெள்ளை, நீலக் கோடுகள்.

திருகு இருப்பதால் 1, 2 இரண்டும் ஜெர்மனியில் கையால் செய்தவை என்று நினைக்கிறேன். சரியா? இரண்டாவதில் உள்ள சொரசொரப்பைத் தேய்த்து எடுத்துவிடலாமா?

அகேட்பித்தன் (காலை 8.05)

தேய்க்க வேண்டாம்! மற்றதெல்லாம் அப்புறம். அந்தச் சொரசொரப்பைத் தொடவே தொடாதீர்கள்.

தணல் (காலை 9.30)

நல்வரவு அம்மா. அகேட்பித்தன் பதறியதற்குக் காரணம் உண்டு. உங்களிடம் உள்ள குண்டுகளில் தன் பிறப்பைத் தானே சொல்லும் குண்டு இரண்டாவதுதான். சொல்வது அந்தச் சொரசொரப்பு.

நீங்கள் வண்ணத்தை வைத்துத் தேடியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம், நானும் இரண்டு வருடம் அப்படியே வீணாக்கினேன். மஞ்சளும் கறுப்பும் எல்லா ஆலையிலும் இருந்த நிறங்கள். ஆனால் உருகிய கண்ணாடியை ஒவ்வோர் ஆலையும் வெட்டிய விதம் வேறு, உருட்டிய விதம் வேறு. அந்த வேறுபாடு குண்டின் இரண்டு முனைகளில் பதிந்திருக்கும். ஆகவே முதலில் முனையைப் பாருங்கள், பிறகு வண்ணம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், என்ன வண்ணம் என்பதைக் கடைசியில் பாருங்கள்.

ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லாவுஷா என்ற கண்ணாடி ஊர் உண்டு. 1840களின் பிற்பகுதியில் அங்கே கோலிக்கென்றே ஒரு கத்தரி வந்தது. அதன் ஒரு பக்கம் வெட்டும் அலகு, மறுபக்கம் சிறு கிண்ணம். வண்ண நூல்கள் உள்ளே வைத்த கண்ணாடித் தண்டைச் சூடாக நீட்டி முறுக்கி, முனையைக் கிண்ணத்தில் வைத்து உருட்டி, வெட்டிவிடுவார்கள். ஒரே தண்டில் பல குண்டுகள் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு வெட்டுத்தழும்புகள்: முந்தைய குண்டிலிருந்து பிரிந்த இடம் ஒன்று, தண்டிலிருந்து பிரிந்த இடம் மற்றொன்று. இதைத்தான் சேகரிப்பவர்கள் பான்டில் என்கிறார்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

உங்கள் 42 மி.மீ. குண்டில் வெள்ளை நூல் வலை ஒரு தழும்பில் தொடங்கி மறு தழும்பில் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது லாட்டிசினோ வகை ஜெர்மன் குண்டு, முதல் உலகப்போருக்கு முந்தையது. போர் வந்து ஜெர்மனியின் ஏற்றுமதி நின்றபோதுதான் அமெரிக்க ஆலைகளுக்குச் சந்தை முழுதாகக் கிடைத்தது.

முதல் குண்டுக்குத் தழும்பு இல்லை என்று நினைக்கிறேன். உறுதிசெய்துவிட்டுச் சொல்லுங்கள்.

நூல்கண்டு (காலை 10.10)

ஐயா, வலை சரியாகத் தழும்பிலிருந்து தழும்புக்குத்தான் ஓடுகிறது. ஒரு வாரமாகக் கையில் வைத்திருந்தும் இதைக் கவனிக்கவில்லை. முதல் குண்டில் எந்தத் தழும்பும் இல்லை, வழவழவென்று இருக்கிறது.

அகேட்பித்தன் (காலை 10.25)

அப்படியானால் முதல் குண்டு என் பேட்டைக்கு வந்துவிட்டது. சிவப்பு நாடாவின் ஒரு முனையில் விரலை வைத்து, அது போகும் வழியிலேயே குண்டைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். நாடா தன்னைத்தானே எங்கும் தொடாமல், திருகாணிபோலச் சுற்றி எதிர்முனையில் போய் முடிந்தால் அது கார்க்ஸ்க்ரூ. ஆக்ரோ அகேட் நிறுவனத்தின் கைரேகை அது.

வண்ணக் கண்ணாடிகள் சேர்ந்து விழும் வழியில் சுழலும் கிண்ணம் ஒன்று இருந்தது. அந்தச் சுழற்சியில் நாடா திருகிக்கொள்ளும். பிறகு கத்தரி வெட்டும், பள்ளம் வெட்டிய உருளைகள் உருட்டும். ஜெர்மன் குண்டில் பல நூல்கள் முனைக்கு முனை ஓடும். இதில் ஒரே நாடா, தழும்பும் கிடையாது. இரண்டும் திருகுதான், ஆனால் திருகின் பிறப்பு வேறு.

ஆக்ரோ 1911இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரனில் தொடங்கியது. 1914இல் எரிவாயுவும் நல்ல மணலும் கிடைக்கும் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்குக்குப் போனது. 1951இல் மூடினார்கள். வெள்ளையில் ஒற்றைச் சிவப்பு நாடா அவர்களுடைய சாதாரணச் சரக்கு, பெரிய விலை போகாது. ஆனாலும் எனக்குப் பிடித்த குண்டு எதுவென்றால் இதைத்தான் காட்டுவேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், நாடா மேலேறிக்கொண்டே போவதுபோல் இருக்கும்.

வெள்ளிமீன் (காலை 11.00)

பெட்டியில் தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளிபோல் மின்னும் விலங்கு உருவம் உள்ள குண்டு ஏதேனும் இருக்கிறதா? சல்ஃபைடு என்பார்கள். உள்ளே இருப்பது வெள்ளைக் களிமண் உருவம்தான். அதைச் சுற்றி மாட்டிக்கொண்ட மெல்லிய காற்றுப்படலம் வெள்ளிப் பளபளப்பைத் தருகிறது. அவையும் ஜெர்மன் வேலை. நிறக் கண்ணாடிக்குள் உருவம் இருந்தால் மிக மிக அரிது.

நூல்கண்டு (காலை 11.20)

இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். தங்கத்தூள் மின்னும் குண்டு ஒன்று இருக்கிறது, அதை லுட்ஸ் என்று ஒரு படத்தில் போட்டிருந்தார்கள்.

தணல் (காலை 11.45)

படம் போடுங்கள் அம்மா. அந்த மின்னல் தங்கம் இல்லை, கண்ணாடிக்குள் இருக்கும் நுண்ணிய செம்புப் படிகங்கள். பெயருக்கு ஒரு கதை உண்டு. நிகோலஸ் லுட்ஸ் என்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் அண்ட் சாண்ட்விச் கண்ணாடி நிறுவனத்தில் வேலை பார்த்த கைவினைஞர். அவருடைய பாத்திரங்களில் இந்த மின்னல் இருந்ததால் கோலிகளையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் கோலி செய்ததற்குச் சான்று இல்லை. இந்தக் குண்டுகள் ஜெர்மனியில் செய்தவை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பென்னிங்டன் என்று மெருகிட்ட மண் கோலிகளைச் சொல்வதும் இப்படித்தான். வெர்மான்ட் மாநிலத்துப் பென்னிங்டன் மண்பாண்டத்தின் மெருகுபோல் இருந்ததால் வந்த பெயர். குண்டுகளோ ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஆகவே சேகரிப்பவர்கள் வழங்கும் பெயரைச் செய்தவரின் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மணிமாலை (மதியம் 12.30)

தேய்க்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன் தங்கை. என்னிடம் ஒரு வெங்காயத்தோல் வகை இருந்தது. சூடான தண்டைக் கண்ணாடித் துணுக்குகளின் மேல் உருட்டி, பிறகு இழுத்து நீட்டுவார்கள். நிறங்கள் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். மேலே சில அடிபட்ட பிறைகள் இருந்தன. கோலியோடு கோலி மோதினால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிலாப்பிறை வடிவில் விரிசல் விழும், அவைதாம். கல் மெருகேற்றும் ஒருவரிடம் கொடுத்தேன். பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தழும்பைத் தேடினேன். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது. எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்றுகூடச் சொல்ல முடியாது. அதன் பழைய தோல் போய்விட்டது, விட்டம் குறைந்துவிட்டது, எப்போதும் ஈரமாக இருப்பதுபோல் ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. இன்றும் அதை எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கொதிநீரும் வேண்டாம், கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது.

நூல்கண்டு (மதியம் 12.50)

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. நேற்றே உப்புத்தாளை எடுத்து வைத்துவிட்டேன். தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஐந்தாவதின் முனைகளைப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளைக்கோடு 9 என்ற எண்போல் சுருண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் சின்ன மடிப்பு, வால்போல.

தணல் (மதியம் 1.40)

இரண்டும் இருக்கின்றனவா? நிதானமாக மறுபடி பாருங்கள். ஒன்பதும் வாலும் எதிரெதிர் முனைகளில் இருந்தால் அது எம். எஃப். கிறிஸ்டென்சென் நிறுவனத்தின் ஸ்லாக்காக, அதாவது ஒரு நிறத்தில் வெள்ளை கலந்து ஓடும் வகையாக, இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

மார்ட்டின் ஃபிரெடரிக் கிறிஸ்டென்சென் ஆக்ரன்காரர். எஃகுக் குண்டுகளை உருட்டும் நுட்பம் அறிந்தவர். அதே அறிவைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்து 1905இல் கோலி உருட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் எந்திரம் உருட்ட மட்டும்தான். உலையிலிருந்து கண்ணாடியை எடுத்தது மனிதக் கை. ஒருவர் இரும்புக் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி எடுத்து, உருளைகளுக்கு மேலே நீட்டிப் பிடிப்பார். அது தேன்போல் ஒழுகும். ஒழுகும்போது மணிக்கட்டைத் திருப்பினால் வெள்ளைக்கோடு சுருளும்; அதுதான் 9. கத்தரி வெட்டிய இடத்தில் இழுபட்டு நிற்பது வால். உங்கள் கையில் இருப்பது ஒரு தொழிலாளியின் மணிக்கட்டு நூறு வருடத்துக்கு முன் திரும்பிய அசைவு. என்னிடம் உள்ள ஸ்லாக்கில் ஒன்பது இடப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும், அவசரத்தில் எடுத்தார்போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

1917இல், போர்க்கால எரிவாயுத் தட்டுப்பாட்டில் அந்த ஆலை நின்றது. பின்னால் வந்தவர்கள் கண்ணாடியை எந்திரத்தாலேயே ஊற்றியதால், ஆக்ரோவின் எந்திர ஸ்லாக்கில் இந்த ஒன்பது தெளிவாக வராது. பெல்டியர் என்ற இன்னோர் அமெரிக்க ஆலையின் ஸ்லாக்கில் வெள்ளை பறவை இறகின் இழைபோல் பிரிந்து கிடக்கும்.

ஓர் எச்சரிக்கை. கிறிஸ்டென்சென் அகேட் என்று வேறொரு நிறுவனம் உண்டு, 1925இல் ஓஹையோவின் பெய்னில் தொடங்கி, 1927இல் கேம்பிரிட்ஜுக்குப் போய், 1933இல் மூடியது. பெயர் ஒன்றானாலும் அது தனி நிறுவனம். அவர்களுடைய நிறங்கள் கண்ணைக் கூசவைக்கும், 'எலக்ட்ரிக்' என்றே சொல்வார்கள். கினி என்ற வகையில் வண்ணப் பொட்டுகள் கினிக்கோழி இறகுபோல் தெறித்திருக்கும். விலை மிக அதிகம் என்பதால் போலியும் அதிகம்.

அகேட்பித்தன் (மதியம் 2.15)

மூன்றாவதுக்கு வருகிறேன். மஞ்சள் கறுப்புக்கு பம்பிள்பீ என்று பெயர். பிரச்சினை என்னவென்றால் பெல்டியருக்கும் ஒரு பம்பிள்பீ உண்டு, மார்பிள் கிங் என்ற ஆலைக்கும் ஒரு பம்பிள்பீ உண்டு. சிவப்பு கறுப்பு வாஸ்ப் என்ற பெயரும் இரண்டு பேருக்கும் பொது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் இருந்த பெல்டியரின் பழைய வகையில் உடல் முழுக்க மஞ்சள். அதன் மேல் நாலு முதல் ஆறு கறுப்பு நாடாக்கள் தனித்தனியாக ஓடும். கறுப்புக்குள் நுண்ணிய மினுக்கம் தென்பட்டால் இன்னும் நல்லது. மார்பிள் கிங்கில் மஞ்சளும் கறுப்பும் அகலப் பட்டைகளாக மாறி மாறி வந்து உடலைப் பங்குபோட்டுக்கொள்ளும். நிறம் மேலே தோல் அளவுக்குத்தான். சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் உள்ளே வெள்ளை தெரியும்.

மார்பிள் கிங் 1949இல் மேற்கு வர்ஜீனியாவின் செயின்ட் மேரிஸில் தொடங்கியது. 1958இல் ஆலை எரிந்ததும் பேடன் சிட்டிக்குப் போனார்கள். உங்களுடையது எப்படி?

நூல்கண்டு (மதியம் 2.40)

அகலப் பட்டைகள். ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது, உள்ளே வெள்ளைதான்.

அகேட்பித்தன் (மதியம் 2.45)

மார்பிள் கிங். சந்தேகமே வேண்டாம்.

நான்காவதில் இலைகள் மெல்லியவையா, கண்ணாடியில் சோடா புட்டிபோல் லேசான பச்சை இருக்கிறதா? இருந்தால் அமெரிக்கக் குண்டு இல்லை, ஆசிய இறக்குமதி. 1950களில் ஜப்பானியப் பூனைக்கண்கள் வந்து இறங்கியபோது அமெரிக்க ஆலைகள் ஆடிப்போயின. அந்தப் பத்தாண்டின் நடுவில்தான் அவையும் பூனைக்கண் செய்யத் தொடங்கின. பெல்டியருடையது அடையாளம் காண எளிது: நடுவில் ஒரே பருத்த இலை, வாழைப்பழம்போல். பெயரே பனானா.

நூல்கண்டு (மதியம் 3.00)

பச்சை இருக்கிறது. வெள்ளைத் தாளின் மேல் வைத்ததும் தெரிந்தது.

மணிமாலை (மாலை 4.10)

ஆறாவதை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள். நான் சொல்கிறேன்: ஆலி அகேட் ஆலையுடையது. அந்தப் பச்சை அவர்களுடையது.

தணல் (மாலை 4.35)

மன்னிக்க வேண்டும் மணிமாலை, பச்சையை மட்டும் வைத்து நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். லாரன்ஸ் ஆலி மேற்கு வர்ஜீனியாவில் பேடன் சிட்டி, சிஸ்டர்ஸ்வில், பென்ஸ்போரோ, செயின்ட் மேரிஸ் என்று ஊர் ஊராக ஆலை நடத்தியவர். அதே மாநிலத்தில் வேறு ஆலைகளும் இருந்தன: கெய்ரோவில் ஹீட்டன் அகேட், ரேவன்ஸ்வுட்டில் ஒன்று, பென்ஸ்போரோவில் சாம்பியன். எல்லோரும் வெள்ளையில் பச்சைச் சுழல் போட்டார்கள். சுழல் குண்டில் கண்ணாடி கலைந்து விழுவதால் வெட்டுக்கோடும் ஒழுங்காகத் தெரியாது. ஆலை இருந்த இடத்து மண்ணில் தோண்டியெடுத்த துண்டுகளோடு ஒப்பிட்டால் ஒழிய உறுதியாகச் சொல்ல வழியில்லை.

மணிமாலை (மாலை 4.50)

ஐயா, நான் ஆலி குண்டுகள் நூற்றுக்கணக்கில் பார்த்தவள். அந்தப் பச்சையின் ஓரம் வெள்ளைக்குள் கரைகிற விதம் எனக்குத் தெரியும்.

தணல் (மாலை 5.05)

உங்கள் கண்ணை நான் மதிக்கிறேன். நேரில் பார்த்திருந்தால் ஒருவேளை நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இது கைபேசிப் படம், மஞ்சள் விளக்கில் எடுத்தது. இந்தப் படத்தை நம்பி ஆலி என்று எழுதினால் நாளை இதே படம் இன்னொருவருக்குச் சான்றாகிவிடும். தவறான பெயர்கள் பரவியது அப்படித்தான்.

மணிமாலை (மாலை 5.20)

அது நியாயம். தங்கை, பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல், ஒரே குண்டுக்கு நான்கு படம் எடுங்கள்: இரண்டு முனைகள், இரண்டு பக்கங்கள். பக்கத்தில் அளவுகோல். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்து அளப்பார்கள். உங்கள் 16 மி.மீ. குண்டுதான் அவர்களுடைய ஐந்தெட்டு அங்குலம், விளையாட்டுக் கோலியின் வழக்கமான அளவு.

வெள்ளிமீன் (மாலை 6.00)

புற ஊதா டார்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி இருட்டில் பளிச்சென்ற பச்சையாக ஒளிரும். ஆனால் ஒளிர்வதெல்லாம் பழையது என்று எண்ணிவிடாதீர்கள், இன்றும் அந்தக் கண்ணாடி செய்கிறார்கள்.

தணல் (மாலை 6.30)

ஏழாவது குண்டு மிச்சம். தழும்பு எத்தனை?

நூல்கண்டு (மாலை 6.40)

இரண்டு. கோடுகள் தழும்பிலிருந்து தழும்புக்கு ஓடுகின்றன. கறுப்புக்குள் எதுவும் தெரியவில்லை.

தணல் (மாலை 6.55)

அப்படியானால் அதுவும் ஜெர்மன். இந்தியன் என்ற வகை. அதுவும் சேகரிப்பவர்கள் இட்ட பெயர்தான், செய்த நாட்டைக் குறிப்பது இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, கூர்மையான ஒளியுள்ள டார்ச்சைக் குண்டோடு ஒட்டிவைத்து, ஓரத்தைப் பாருங்கள்.

நூல்கண்டு (இரவு 8.15)

பார்த்தேன் ஐயா. முதலில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைக் கீழே வைத்து அதன் வாயிலேயே குண்டை உட்கார வைத்தேன். கண் பழகப் பழக, வெள்ளைக்கோட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மெல்லியதாக இருக்கும் இடத்தில் ஒரு நிறம் வந்தது. கறுப்பே இல்லை. கத்தரிப்பூ நிறம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன் பெரியப்பா ராத்திரியில் இப்படித்தான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், என்ன செய்கிறார் என்று எங்களுக்குப் புரியாது" என்றார்.

ஏழுக்கும் சீட்டு எழுதி வைத்துவிட்டேன். ஆறாவதன் சீட்டில் "மேற்கு வர்ஜீனியாவாக இருக்கலாம், செய்தவர் தெரியவில்லை, மணிமாலை அக்கா ஆலி என்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். இன்னும் 136 இருக்கின்றன. நாளை பகல் வெளிச்சத்தில் பத்தை எடுத்து முனைகளைப் படம் பிடித்துப் போடுகிறேன், அந்தத் தங்கத்தூள் குண்டும் அதில் வரும்.